எதைவிடத் தேவலை

இந்தக் காராச்சேவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. கோபாலசாமி கடைச் சேவு. மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். விசாரிக்க வந்தவர் வாயில் எதுவும் போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. தட்டில்தான் கொட்டி வைத்திருக்கிறேன், பொட்டலத்தில் இல்லை. நான் சிரிப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். பொட்டலம் என்றாலே இப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இரண்டு வாரமாகவே நான் இப்படித்தான் இருக்கிறேன். தலை இலவம்பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. காலையில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எழுந்தால் அறை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. ராட்டினத்திலிருந்து இறங்கினால் வருமே, அந்த மாதிரி. நாம் வளர்த்துவிட்ட பிள்ளை நம்மையே மிஞ்சி நிற்கும்போது வருகிற சந்தோஷம் இது என்று நினைக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எஸ்தர்ராணி, வயது ஐம்பத்தாறு. கோவில்பட்டியில் இந்த ஆய்வு நிலையம் தொடங்கிய 1991 முதல் இங்கேதான் இருக்கிறேன். ஒரே ஊர், ஒரு தெருக்காரர்கள் எழுபதைத் தாண்டுகிறார்கள், அடுத்த தெருக்காரர்கள் ஐம்பதில் போய்ச் சேருகிறார்கள். ஏன் என்று கேட்பதுதான் எங்கள் வேலை. 2003-இல் நிலையத்தை நடத்துகிற அறக்கட்டளை இன்னொரு பொறுப்பும் கொடுத்தது. அப்படிக் கேட்கக் கிளம்புகிற இளம் ஆய்வாளர்களைக் கைதூக்கிவிட வேண்டும். பயிற்சி, படிப்பு, பதவி என்று அவர்களுக்கு வழி காட்ட வேண்டும். வழிகாட்டி என்று பதவிக்குப் பெயர். பிள்ளைகள் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

நான் யாரையும் கடிந்து பேசியது கிடையாது. சின்னச் சின்ன அன்பில்தான் எனக்கு நம்பிக்கை. வெயிலில் வந்தவருக்கு ஒரு தம்ளர் மோர், மழையில் போகிறவருக்கு ஒரு குடை, கேட்காமலே எழுதிக்கொடுக்கிற ஒரு சிபாரிசுக் கடிதம். இவற்றால் ஒரு மனிதரை எவ்வளவு தூரத்துக்கும் கொண்டுபோய்விடலாம்.

முத்துசெல்வி என்மேல் எழுதிக்கொடுத்த புகாரில் இருப்பதெல்லாம் உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் எழுதாதது ஒன்று இருக்கிறது, அவளுக்கே தெரியாதது. வரிசையாகச் சொன்னால்தான் அது சரியான இடத்தில் வந்து உட்காரும்.

நல்லமுத்தன்பட்டி உங்களுக்குத் தெரிந்திருக்காது. பசுவந்தனையிலிருந்து உள்ளே போக வேண்டும். பஸ் ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் கரிசல். கோடையில் நிலம் வாய் பிளந்து சைக்கிள் சக்கரத்தை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் மாட்டுவண்டியையே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலத்தெருவில் நிலமும் கிணறும் ஓட்டுவீடும் உள்ளவர்கள். கீழத்தெருவில் அந்த நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். 1993 சித்திரையில் இரண்டு தெருவிலும் பெண்களின் உடல்நலத்தைக் கணக்கெடுத்தோம். நானும் எங்கள் களப்பணியாளர் கிருஷ்ணவேணியும் மட்டும்தான்.

கேள்வி எளிமையானது. ஒங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு? நலம் என்றால் கட்டத்தில் ஒன்று போட வேண்டும். சுமார் என்றால் இரண்டு. நலமில்லை என்றால் மூன்று.

மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "முட்டு வலிக்குது டீச்சர், படி ஏற முடியலை. பித்தம் தலைக்கேறுது. கண்ணு வேற கூசுது. போன மாசம் பாளையங்கோட்டைக்குப் போயி படம் புடிச்சுப் பாத்தோம், அதுல ஒண்ணும் இல்லைங்காவ, இல்லாமலா இப்படி வலிக்கும்?" மூன்று, மூன்று, மூன்று.

கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம். ஒரே ஒரு சொல்தான். "தேவலைம்மா." இருமலுக்கு நடுவே தேவலை. பிள்ளையைத் தூக்கச் சீவனில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டு தேவலை. கடைசி வீட்டில் வெயிலுகந்தம்மாள் என்று ஒருத்தி, எட்டு மாதக் கர்ப்பிணி. நாங்கள் வெயிலில் வந்த கோலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே அடுப்பை மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்கு முழுத் தம்ளர், கிருஷ்ணவேணிக்கு அரை, அவளுக்கு ஒன்றும் இல்லை. "நீ எப்படித்தாயி இருக்கே?" என்றேன். "எனக்கென்ன டீச்சரம்மா, தேவலை. நீங்கதான் வாடிப் போயிருக்கீய."

கிருஷ்ணவேணி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், காலப் பாருங்க. வீங்கிக் கெடக்கு. தேவலைன்னா என்ன போட?"

பிற்பகல் இரண்டு மணி, சித்திரை வெயில். "ஒண்ணு போடு கிருஷ்ணா, அடுத்த வீட்டுக்குப் போவோம்" என்றேன். அடுத்த வீடு என்று ஒன்று இல்லை. வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்: அன்று நடந்தது அசதி. அசதியை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

அட்டவணை போட்டபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. கீழத்தெருவில் எண்பத்துநான்கு பெண்களில் அறுபத்தொன்பது பேர் நலம். மேலத்தெருவில் எழுபத்தொரு பேரில் பத்தொன்பது பேர்தான் நலம். ஏழாம் அட்டவணை. அந்த ஏழாம் அட்டவணையை எல்லோரும் எப்படிக் கொண்டாடினார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பும் கேழ்வரகும் தின்று கரிசலில் பாடுபடுகிறவர்களிடம் பணக்காரர்களுக்கு இல்லாத ஆரோக்கியம் இருக்கிறது என்று நான் எழுதியது கேட்பவர்களுக்கெல்லாம் இனித்தது. சென்னையில் பேசக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் மாலை போட்டார்கள். இல்லாதவர்களுக்குக் கர்த்தர் வேறு வழியில் கொடுத்திருக்கிறார் என்று பேச்சை முடிப்பேன். முன்வரிசையில் கண் துடைப்பார்கள். நானும் துடைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் அறக்கட்டளை ஒரே ஒரு பிரசவ அறை கட்டி, ஒரு நர்ஸைத் தங்க வைக்க முடிவு செய்தது. நல்லமுத்தன்பட்டிக் கீழத்தெருவா, பஸ் ரோட்டு ஊரா என்று பேச்சு வந்தபோது ஏழாம் அட்டவணையைப் புரட்டினார்கள். கீழத்தெருதான் நலமாக இருக்கிறதே. அறை பஸ் ரோட்டுக்குப் போனது.

கிருஷ்ணவேணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "டீச்சர், அந்தக் கடைசி வீட்டுக்காரிக்குப் பிள்ளை வயித்துலயே செத்துப்போச்சாம். தாய் பொழச்சதே பெரிசுன்னு சொல்லுதாவ. அந்தத் தேவலைய மாத்திருவோம் டீச்சர்." நல்ல பெண். அடுத்த மாதமே திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை ஸ்டோரில் நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தேன். போகிறபோது காலைத் தொட்டுக் கும்பிட்டாள். யோசித்துப் பார்த்தால், ஒருவரை வளர்த்துவிடுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

முத்துசெல்வி 2004-இல் வந்தாள். வயது இருபத்து மூன்று. விண்ணப்பத்தில் ஊர் நல்லமுத்தன்பட்டி, கீழத்தெரு, தாயார் வெயிலுகந்தம்மாள் என்று இருந்தது. தேர்வுக் குழுவில் மற்ற இரண்டு பேரும் இங்கிலீஷ் போதாது என்றார்கள். நான்தான் பிடிவாதமாக நின்று எடுத்தேன். எல்லோரும் என் மனதைப் புகழ்ந்தார்கள். அந்தத் தெருப் பிள்ளை என் கண்பார்வையில் இருப்பது நல்லது என்று எனக்குப் பட்டது. அதுவும் ஒரு வகை அன்புதான்.

முதல் நாளே என் பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏழாம் அட்டவணையில் விரல்.

"டீச்சர், இதுல நலம்னு போட்டிருக்கியளே, அவிய என்ன சொன்னாவ?"

"தேவலைன்னு சொன்னாவ."

"எதைவிட?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: "தேவலைன்னா ஒண்ணைவிட ஒண்ணுன்னுதான டீச்சர் அர்த்தம். எங்க தெருவுல சாகக் கெடந்தாலும் தேவலைம்பாவ. வெளிய இருந்து வந்தவிய மனசு சங்கடப்படக் கூடாதுல்லா. எங்கம்மாட்டக் கேட்டா, செத்தவளைவிடத் தேவலைம்பா. எதைவிடன்னு கேக்கணும் டீச்சர். கேட்டா சொல்லிருவாவ. இத்தன வருசமா ஒருத்தரும் கேக்கலை, அதான்."

பதினோரு வருடம் ஒருவரும் கேட்காத இரண்டாவது கேள்வி. ஒரே ஒரு சொல். எண்பத்துநான்கு வீட்டுக்கும் போய் அதைக் கேட்டு, பதில்களைப் பழைய தாள்களோடு ஒப்பிடுவதுதான் தன் ஆய்வு என்றாள். நிரூபித்துவிட்டால் கீழத்தெருவுக்கு ஒரு நர்ஸ் வருவார். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு கூர்மையான பிள்ளை இந்த நிலையத்துக்கு இதுவரை வந்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவளை மிக உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. கீழத்தெரு கண்ணுக்கே தெரியாத உயரத்துக்கு.

மாதாமாதம் வளர்ச்சித் தாள் என்று ஒன்று நிரப்புவோம். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. அவள் எழுதியிருந்தாள்: கீழத்தெருவில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏட்டி, அங்கனதான பொறந்தே. அதுக்கு எதுக்கு அஞ்சு வருசம்?" அவளும் சிரித்தாள். அந்தப் பதிலை அடித்துவிட்டு டெல்லி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆய்வுத் தலைப்பையும் மெதுவாக மாற்றினேன். இந்தத் தலைப்பு முதலடிக்குப் பெரியது, முதலில் சின்னதாக ஒன்றில் பெயர் எடு என்றேன். பள்ளிப் பிள்ளைகள் கை கழுவும் பழக்கம். யாருக்கும் நோகாது. இரண்டு மாதத்தில் அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். சோப்புக்கட்டிக்குக் கண்ணும் மூக்கும் வைத்து அவள் வரைந்த படம் நாற்பது பள்ளிச் சுவர்களில் இருக்கிறது. ஆனால் எப்போது கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும், "டீச்சர், அந்தத் தேவலை" என்று வந்து நிற்பாள். அப்போதெல்லாம் அவளுக்கு ஒரு பயிற்சி கண்டுபிடித்துவிடுவேன். ஹைதராபாத், புனே, டெல்லி. பதினான்கு மாதத்தில் ஒன்பது பயிற்சி. ரயிலுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். கூட்டத்தில் கரண்டியால் சாப்பிடப் பழக்கினேன். குளிருக்கு என் சால்வையைக் கொடுத்தேன். அறக்கட்டளை எனக்குச் சிறந்த வழிகாட்டி விருது கொடுத்தது. வரவேற்புப் பலகையில் என் பெயரில் ஒரு துணைக்காலை விட்டு எஸ்தர்ரணி என்று எழுதிவிட்டார்கள், இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

2005 ஆவணியில் பழைய தாள்களைப் பார்க்க வேண்டும் என்றாள். கறையான் அரித்துவிட்டது என்றேன். அன்று மாலையே பீரோவைத் திறந்து கீழத்தெருத் தாள்கட்டை எடுத்தேன். எரிக்க மனசு வரவில்லை, பாவம், உழைத்து எழுதியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கோபாலசாமி பொட்டலம் கட்டத் தாளில்லாமல் அல்லாடுவது தெரியும். கொண்டுபோய்ச் சும்மா கொடுத்தேன். "கெட்டித் தாளால்லா இருக்கு டீச்சர், எண்ணெ இறங்காது" என்று அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. ஒரு கை சேவு அள்ளிக் கொடுத்தார். தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது பிரேமா விஷயம். முத்துசெல்வியின் அண்ணன் செண்பகராஜின் மனைவி. தலைப்பிரசவம். ஐப்பசி மழை. விடியற்காலையில் வண்டி கட்டிப் பஸ் ரோட்டு நர்ஸிடம் கொண்டு போயிருக்கிறார்கள். ஓடைப் பக்கம் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. வண்டியிலேயே வலிப்பு வந்து முடிந்துபோனது. பிள்ளையும் இல்லை. முத்துசெல்வி அப்போது மதுரையில் பயிற்சியில் இருந்தாள். தங்குமிடத்து நம்பர் என்னிடம் மட்டும் இருந்தது.

காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "டீச்சர், செண்பகராஜ் பேசுதேன். பிரேமா போயிட்டா டீச்சர். செல்வியை ஒடனே பஸ்ஸேறச் சொல்லுங்க."

"சொல்லுதேன் தம்பி. மனசத் தேத்திக்கோ."

பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டான். "செல்வி கெளம்பிட்டாளா டீச்சர்? எடுக்கணும்னு சொல்லுதாவ."

அன்று மூன்று மணிக்கு அவள் பெரியவர்கள் முன்னால் பேச வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய எதிர்காலமே அந்த இருபது நிமிடம். "அவளால வர ஏலாதாம் தம்பி, முக்கியமான பேச்சு இருக்காம்" என்றேன்.

"அவளா சொன்னா?"

"ஆமா."

போனை வைத்துவிட்டான்.

நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். வழியில் அவளுக்குப் பிடித்த கொய்யாப்பழம் வாங்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டேன். கை கழுவுவதைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் பேசிக் கேட்டிருக்கமாட்டீர்கள். எழுந்து நின்று கைதட்டினேன். சாயங்காலம் டிபன் சாப்பிடும்வரை காத்திருந்து, கை கழுவி வந்த பிறகு சொன்னேன். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவள் வீட்டில் யாரும் ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. என்ன காரணம் என்று அவளுக்கும் தெரியாது. ராத்திரியில் தேம்பித் தேம்பி அழுதபோதெல்லாம் நான்தான் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். அந்த ஏழு மாதம் எனக்கு ஒரு மகள் இருந்த மாதிரி இருந்தது.

இந்த வைகாசியில் வெளிநாட்டுப் படிப்பு அவளுக்குக் கிடைத்தது. இரண்டு வருடம். கடிதம் வந்த அன்று நிலையத்தில் ஒரே கூத்து. எங்கள் கம்ப்யூட்டர்ப் பையன், பெயர் பிரின்ஸ்டன், வயது முப்பது ஆகிறது, மேசைமேல் ஏறி ஆடினான். நானே ஓடிப்போய் எல்லோருக்கும் பத்துப் பொட்டலம் சேவு வாங்கி வந்தேன். முதல் பொட்டலத்தை என் கையாலேயே முத்துசெல்வியிடம் கொடுத்தேன்.

ஒன்றை நான் மறந்துவிட்டேன் அண்ணாச்சி. அவள் தெருவில் புத்தகம் கிடையாது. கடையிலிருந்து வருகிற பொட்டலத் தாளைப் பிரித்து, நீவி, படித்துத்தான் அந்தத் தெருப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டப் பழகினார்கள். எத்தனை படித்தாலும் பொட்டலத் தாளைப் படிக்காமல் கீழே போடமாட்டாள். சேவைத் தின்று முடித்து, தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். எண்ணெய் படாமல் எழுத்து பளிச்சென்று இருந்தது. கோபாலசாமி சொன்னது சரிதான், கெட்டித் தாள்.

"கீழத்தெரு, வீட்டு எண் பதினேழு" என்று வாய்விட்டுப் படித்தாள். ஓரத்தில் கிருஷ்ணவேணியின் பென்சில் எழுத்து: ரத்த இருமல், தேவலை என்கிறாள். அதன்மேல் என் சிவப்பு மையில் ஒன்று.

பிரின்ஸ்டன் மேசையிலிருந்து இறங்கினான். அவள் எழுந்து நேரே கடைக்குப் போனாள். கோபாலசாமி விவரம் கேட்காமல் மிச்சக் கட்டு முழுவதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வாழை இலைச் சருகில் பொட்டலம் கட்டினாராம். நல்ல தாளென்று தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்ததால் அறுபத்தொரு தாள் மிஞ்சியிருந்தது. அதில் அவள் அம்மாவின் தாளும் இருந்தது. எட்டு மாதம், இரண்டு காலும் வீக்கம், பார்வை மங்குகிறது, தேவலை என்கிறாள். ஒன்று.

திரும்பி வந்து என் முன்னால் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "கறையான் அரிச்சது இதத்தானா டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று தொடங்கிய லேசுதான் இது. பதின்மூன்று வருடமாகத் தலையில் ஒரு குடம் தண்ணீரைத் தளும்பாமல் சுமந்துவந்து, யாரோ கையால் வாங்கி இறக்கிவைத்த மாதிரி.

அவள் வெளிநாடு போகவில்லை. ஊருக்குப் போனாள், அண்ணனோடு பேசினாள், போன் விஷயம் தெரிந்துகொண்டாள். வீடு வீடாகப் போய் எதைவிட என்று கேட்டாள். பதினோரு நாளில் முடித்துவிட்டாள். 1993-க்குப் பிறகு அந்தத் தெருவில் பிரசவத்தில் இறந்தவர்கள் ஏழு பேர், மேலத்தெருவில் யாரும் இல்லை என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறாள். உங்கள் கையில் இருப்பது அதுதான். எவ்வளவு சுத்தமான வேலை பார்த்தீர்களா? மூலத்தாளோடு ஒப்பிடாமல் எதையும் நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவள் அதை அச்சிடும்போது நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். சிபாரிசு செய்யுங்கள். சின்ன எழுத்தில் போட்டால்கூடப் போதும்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று என்று சொன்னேன் இல்லையா. இதை மெதுவாக எழுதுங்கள்.

பிரேமா இறப்பதற்குப் பத்து நாள் முன்பு நான் நல்லமுத்தன்பட்டிக்குப் போயிருந்தேன். முத்துசெல்வி மதுரைக்கு எடுத்துப்போக மறந்த போர்வையை வாங்கிவர, நிலையத்து ஜீப்பில். மழை இன்னும் பிடிக்கவில்லை, பாதை காய்ந்துதான் இருந்தது. வெயிலுகந்தம்மாள் காட்டுவேலைக்குப் போயிருந்தாள். பிரேமாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து போர்வையைக் கொடுத்தாள். முகம் ஊதியிருந்தது. கால் இரண்டும் வீங்கி விரல் தெரியவில்லை. "எப்படிம்மா இருக்கே?" என்றேன்.

"தேவலை டீச்சர்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியும். என் மாணவியே சொல்லிக்கொடுத்திருந்தாள். எதைவிட என்று கேட்டிருந்தால் பிரேமா சொல்லியிருப்பாள். சொன்ன பிறகு ஜீப்பில் ஏற்றாமல் இருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தேவலை என்று சொன்னவள் எந்த நிலையில் வந்தாள் என்று டாக்டர் எழுதுவார். அந்த ஒரு சீட்டு போதும், முத்துசெல்வியின் ஆய்வு எழுந்து நின்றுவிடும், ஏழாம் அட்டவணை விழுந்துவிடும். அவளும் கை கழுவுவதை விட்டுவிட்டு, வெளிநாட்டை விட்டுவிட்டு, மறுபடி அந்தக் கரிசலில் போய் விழுவாள். அவளுடைய நன்மையைத்தான் நினைத்தேன். பிரேமாவின் கையில் இரண்டு கடலைமிட்டாய் கொடுத்தேன். ஜீப்பில் ஏறினேன். பின்னால் நாலு பேர் உட்காரும் இடம் காலியாகவே திரும்பியது.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

முந்தாநாள் வெயிலுகந்தம்மாள் இங்கே வந்தாள், வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் முகத்தையும் காலையும் பார்த்தாள். பிறகு குனிந்து என் பாதத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. "தலை சுத்துதா டீச்சரம்மா? எத்தன நாளா?" என்றாள். சந்தோஷத்தில் வருவது என்றேன். "இது சந்தோசமில்ல. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் கூட வாரேன்" என்று கையைப் பிடித்தாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தபிறகும் கையைப் பிடிக்கிறாள். படிக்காதவள். பிரேமாவின் ஜீப் விஷயம் அவளுக்குத் தெரியாது, அதனால் இருக்கும். நைசாகப் பேசி அனுப்பிவைத்தேன்.

இந்தக் கடைசிக் கட்டம் என்ன, வாக்குமூலம் கொடுப்பவரின் உடல்நிலையா? உங்கள் தாளிலும் அது இருக்கிறதா?

தேவலை, அண்ணாச்சி.

ஏன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டீர்கள்? எதைவிடவா? அவள் புகாரைப் படித்துவிட்டு நீங்களும் அதைக் கேட்கப் பழகிவிட்டீர்கள், பாருங்கள். சும்மா ஒன்று போடுங்கள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டாமா?